காற்றுத் தூரிகைக்கு ஏற்ற வண்ணமும் ரெடியூசரும்

நம் மன்றத்து நண்பர்களிடையே சென்ற ஓராண்டில் புதியதொரு கலையார்வம் பரவியிருக்கிறது. ஏர்பிரஷ் என்று வழங்கும் காற்றுத் தூரிகையை வாங்கியவர்கள் இப்போது ஐந்து பேர். ஒருவர் தலைக்கவசங்களில் புலியும் கழுகும் எழுதிக் கொடுத்து மாதச் செலவுக்குப் பணம் ஈட்டலாம் என்று எண்ணுகிறார். இருவர் ஆண்டுவிழா நாடகத்தின் திரைச்சீலையை இம்முறை நாமே எழுதிவிடலாம் என்கின்றனர். நான் வேதியல் முதுநிலை வகுப்பில் பயில்பவன். வாகனங்களுக்கு வண்ணம் தெளிக்கும் தொழிலைச் செய்த குடும்பத்தில் பிறந்து, ஹெப்பாள் தொழிற்பேட்டையை அடுத்த தெருவிலே வளர்ந்தவன். ஆகவே, "எந்தப் பெயின்ட் வாங்குவது? எதைக் கலப்பது? எவ்வளவு கலப்பது?" என்ற மூன்று வினாக்களும் என்னிடமே வந்து சேருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதைவிட, ஒரு பாடமாகவே எழுதிவிடுவது நலம் என்று இக்கட்டுரையை எழுதுகிறேன். ஹெப்பாள் என்றதும் பெங்களூரில் உள்ள அப்பெயருடைய ஊரை நினைத்துவிட வேண்டா. நான் கூறுவது நம் மைசூரின் ஹெப்பாளையே.

கருவியின் வரலாறு

காற்றின் வேகத்தால் வண்ணத்தைத் துகளாக்கிப் படம் எழுதும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோன்றியது. அமெரிக்கரான பிரான்சிஸ் எட்கர் ஸ்டான்லி என்பார் 1876-இல் இத்தகைய தெளிப்பான் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் தம் இரட்டைச் சகோதரருடன் நீராவிக் கார் செய்து புகழ் பெற்றவரும் அவரே. அயோவா மாநிலத்து ஆப்னர் பீலர் 1879-இல் வேறொரு கருவியைச் செய்தார். சார்லஸ் பர்டிக் என்பார் 1890-களில் காற்றும் வண்ணமும் கருவியின் உள்ளேயே கலக்கும் அமைப்பை உருவாக்கினார். இன்று நம் நண்பர்கள் கையில் உள்ளவை இந்த அமைப்பின் வழிவந்தவையே.

கருவியின் முனையில் கூம்பு வடிவான சிறு துளை உண்டு. அதற்கு நாசில் என்று பெயர். அதன் நடுவே ஊசி ஒன்று நிற்கிறது. விசையைப் பின்னுக்கு இழுத்தால் ஊசி பின்வாங்கித் துளை திறக்கிறது. விரைந்து பாயும் காற்று வண்ணத்தை வெளியே இழுத்துச் சிறு துளிகளாகச் சிதற அடிக்கிறது. துளையின் விட்டம் பொதுவாக 0.2 மில்லிமீட்டர் முதல் 0.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். இந்த அளவை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

குழாய் ஒன்றில் திரவம் ஓடும் அளவு, அக்குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று இயற்பியல் வகுப்பில் படித்தோம். 0.4 மி.மீ. துளையை 0.2 ஆகக் குறைத்தால் ஓட்டம் பாதியாகக் குறையும் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் நேர்க்குழாயாக இருந்தால் அது பதினாறில் ஒரு பங்காகிவிடும். கூம்பும் ஊசியும் உள்ள இடத்தில் இக்கணக்கு அப்படியே பொருந்தாவிடினும் அதன் போக்கு இதுவே. எனவே சிறு துளைக்கு மிகவும் நீர்த்த, மிகவும் நுண்ணிய வண்ணம் வேண்டும். முதன்முதலில் வாங்குவோர் 0.3 அல்லது 0.4 மி.மீ. துளையுள்ள கருவியை வாங்குவது நன்று. 0.2 மி.மீ. கருவி கைதேர்ந்தோர்க்கு உரியது.

பெயின்ட் என்பது யாது?

எந்தப் பெயின்டை எடுத்தாலும் அதில் மூன்று உறுப்புகள் இருக்கும். முதலாவது நிறமி; நிறம் தரும் நுண்பொடி. இரண்டாவது பிணைப்பான், நிறமியை ஒன்றோடொன்றும் பரப்போடும் ஒட்டவைத்துப் படலமாக நிற்கும் பிசின். மூன்றாவது கரைப்பான், அது நீராகவோ சாராய வகையாகவோ எண்ணெய் வகையாகவோ இருக்கலாம். முதலிரண்டும் சுவரிலே தங்குபவை. மூன்றாவது, வேலை முடிந்ததும் காற்றிலே போய்விடுவது. வீட்டுக்கு வரும் சுமைவண்டி பொருள்களை இறக்கிவிட்டுத் திரும்புவதைப் போன்றதே கரைப்பானின் வேலை. எந்த வண்டி எந்தச் சுமையை ஏற்றும் என்பது மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு நம் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937-இல், 'மைசூர் லாக் அண்டு பெயின்ட் ஒர்க்ஸ்' என்ற தொழிற்சாலை இங்கே தொடங்கப்பட்டது. இன்று 'மைசூர் பெயின்ட்ஸ் அண்டு வார்னிஷ்' என்ற பெயரில் கர்நாடக அரசின் நிறுவனமாக அது நடைபெறுகிறது. 1962 பொதுத் தேர்தல் முதல் வாக்காளர் விரலில் இடும் அழியா மையைச் செய்து தருவதும் அந்நிறுவனமே. அதன் பழைய பெயரிலுள்ள 'லாக்' என்பது அரக்கு. லாக்கர் என்னும் ஆங்கிலச் சொல்லும் இந்த அரக்கின் வடமொழிப் பெயரிலிருந்து கிளைத்ததே. அரக்கு, சாராயத்தில் எளிதாகக் கரையும், நீரில் கரையாது. மர வேலைக்காரர் செய்யும் பாலிஷ் இந்த உண்மையில்தான் நிற்கிறது. மைசூருக்கும் பெங்களூருக்கும் இடையேயுள்ள சன்னபட்டணத்துப் பொம்மைத் தொழிலாளர் இன்னொரு வழியைக் கண்டனர். அவர்கள் கடைசலில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துகின்றனர். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் பூசிக்கொள்கிறது. அங்கே கரைப்பானே வேண்டியதில்லை. நமக்கோ துளை வழியே வண்ணம் பாய வேண்டியிருப்பதால் கரைப்பான் இன்றியமையாதது.

கடையில் கிடைக்கும் நான்கு வகைகள்

ஒன்று, நீர் சார்ந்த அக்ரிலிக். இதில் பிணைப்பான் நீரில் கரைந்திருப்பதில்லை. பாலில் கொழுப்பு மிதப்பதுபோல நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. நீர் ஆவியானதும் அவ்வுருண்டைகள் நெருங்கி ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. ஒருமுறை இணைந்தபின் மீண்டும் நீர் பட்டாலும் பிரிவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் துணியில் எழுதப் பயன்படுத்தும் சிறு புட்டிகளும், ஓவியர் வாங்கும் குழாய் அக்ரிலிக்கும், ஏர்பிரஷுக்கென்றே செய்யப்பட்ட கிரியேடெக்ஸ், வாலெஹோ மாடல் ஏர் போன்றவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவை.

இரண்டு, எனாமல். கதவுக்கும் சன்னலுக்கும் அடிப்பது. மினரல் டர்பன்டைன் கலந்து இளக்குவர். கரைப்பான் போனபின்னும், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுவது இதன் இயல்பு. ஆதலால் காய்வதற்குப் பல மணி நேரமாகும்; அதற்குள் தூசி படியும்.

மூன்று, நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். பட்டறைகளில் இதனை 'என்.சி. பெயின்ட்' என்பர், பழைய தொழிலாளர் இன்றும் 'டூகோ' என்பர். டூகோ என்பது டூபாண்ட் நிறுவனம் 1923-இல் மோட்டார் கார்களுக்காக வெளியிட்ட லாக்கரின் வணிகப் பெயர். அதற்குமுன் ஒரு காருக்கு வண்ணம் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆயிற்று; டூகோ அதைச் சில மணி நேரமாகக் குறைத்தது. அப்பெயரே நம் நாட்டில் பொதுப்பெயராகிவிட்டது. இதற்குக் கலப்பது என்.சி. தின்னர், டொலுயீன், அசிட்டேட்டுகள், ஆல்கஹால்கள் முதலியவற்றின் கலவை அது.

நான்கு, பாலியுரித்தேன். 'பி.யு.' என்றும் '2கே' என்றும் வழங்கும். பெயின்டும் ஹார்டனரும் தனித்தனியே வரும். கலந்தவுடன் வேதிவினை தொடங்கிவிடும். வண்டியின் பளபளப்பான மேற்பூச்சு இதுவே. மிக உறுதியானது, பெட்ரோல் பட்டாலும் கரையாது.

தின்னரும் ரெடியூசரும் வேறா?

கடைக்காரர் இவ்விரு சொற்களையும் மாற்றி மாற்றிக் கூறுவதுண்டு. வழக்கில் லாக்கருக்குக் கலப்பதைத் தின்னர் என்றும், பாலியுரித்தேனுக்கும் நீர்வகை ஏர்பிரஷ் வண்ணத்துக்கும் கலப்பதை ரெடியூசர் என்றும் கூறுவர். பெயரைவிட வேலை முக்கியம். பெயின்டை நீர்க்கச் செய்வது மட்டும் வேலையானால் அக்ரிலிக்குக்குக் குழாய்த் தண்ணீரே போதும். ரெடியூசரைத் தனியே விலைகொடுத்து வாங்குவதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதற் காரணம் பரப்பு இழுவிசை. நீரின் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்கு 72 டைன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு ஏறக்குறைய 22 டைன்தான். பிளாஸ்டிக் போன்ற பரப்புகளில் நீர் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்பது இதனாலே. தாமரை இலைத் தண்ணீரை நினைத்துக்கொள்க. வெறும் நீர் கலந்த அக்ரிலிக்கைத் தலைக்கவசத்தில் தெளித்தால் அது திட்டுத் திட்டாகச் சுருங்கும். ரெடியூசரில் உள்ள நனைப்புப் பொருள் இந்த இழுவிசையைக் குறைத்து வண்ணத்தைப் படரச் செய்கிறது.

இரண்டாவது, ஆவியாகும் வேகம். ஊசியின் முனையில் காற்று விரைந்து பாய்வதால் அங்கே வண்ணம் முதலில் காய்ந்து கட்டியாகிறது. சிறிது நேரத்தில் தெளிப்பு விட்டுவிட்டு வரும். பின் திடீரென்று ஒரு பொட்டு தெறிக்கும். ரெடியூசரில் மெல்ல ஆவியாகும் பொருளும் சிறிதளவு சேர்ந்திருப்பதால் முனை எளிதில் காய்வதில்லை. சிலர் இதற்குக் கிளிசரின் சேர்க்கின்றனர். கிளிசரின் காய்வதைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அது எளிதில் ஆவியாகிப் போகாதது, ஈரத்தை இழுப்பதும்கூட. அளவு மிகுந்தால் படம் பல நாள் பிசுபிசுக்கும். ஆகவே நல்ல வழியன்று.

மூன்றாவது, பிணைப்பானின் நலம். நீரை மட்டும் மேலும் மேலும் ஊற்றினால் அக்ரிலிக் உருண்டைகள் வெகுதூரம் விலகிவிடும். காய்ந்தபின் அவை தொடர்ந்த படலமாக இணையா. விரலால் தேய்த்தால் பொடியாக வரும். அதனால்தான் குழாய் அக்ரிலிக்கை மிகவும் இளக்க வேண்டியவர்கள் நிறமற்ற அக்ரிலிக் மீடியத்தை முதலிற் கலந்து, பிறகே நீரோ ரெடியூசரோ சேர்க்க வேண்டும். மீடியம் என்பது நிறமியில்லாத பிணைப்பானே.

இங்கே தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணச் சத்து மிகுதி. நீரில் மிதக்கும் நிறமித் துகள்களும் பிணைப்பான் உருண்டைகளும் பெரும்பாலும் எதிர்மின் ஏற்றத்தால் ஒன்றையொன்று விலக்கித் தனித்து நிற்பவை. இரட்டை நேர்மின் ஏற்றமுள்ள கால்சியம் அயனி வந்தால் அந்த விலக்கம் தளர்ந்து துகள்கள் திரள்கின்றன. பாலில் எலுமிச்சைச் சாறு விட்டாற்போல ஆகாவிடினும், 0.3 மி.மீ. துளையை அடைக்க அந்தத் திரட்சியே போதும். ஆகையால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கி வைத்துக்கொள்க. பேட்டரி அமிலத்தை வாங்கிவிடாமல், புட்டியின்மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குக.

எதற்கு எது?

ஒரு வகைப் பெயின்டுக்கு உரிய கரைப்பானை மற்றொன்றில் ஊற்றலாகாது. அக்ரிலிக்கில் என்.சி. தின்னரை ஊற்றினால் அது தயிர்போல் திரண்டுவிடும். அரைகுறையாகக் காய்ந்த எனாமல் மீது என்.சி. லாக்கரைத் தெளித்தால் கீழ்ப்பூச்சு சுருங்கி முதலைத்தோல்போல் எழும்பும். நீர்வகை என்ற ஒரே இனத்துக்குள்ளேயும் வேறுபாடு உண்டு. டமியா நிறுவனத்தின் அக்ரிலிக் ஆல்கஹாலை ஏற்கும். வாலெஹோ வண்ணத்தில் ஆல்கஹாலை ஊற்றினால் அது பிசினாகத் திரளக்கூடும். ஆகவே புதிதாகத் தொடங்குவோர் பெயின்ட் எந்த நிறுவனத்துடையதோ, ரெடியூசரும் அதே நிறுவனத்துடையதாக வாங்குக. வேறொன்றைக் கலந்து பார்க்கும் ஆவல் எழுமாயின், ஐந்து சொட்டுப் பெயின்டில் ஐந்து சொட்டுக் கலந்து, மூடிய புட்டியில் ஒருநாள் வைத்துப் பாருங்கள். அடியிலே திரிந்து நின்றால் அது கருவிக்குள் போகத் தகாது.

எவ்வளவு கலப்பது?

ஏர்பிரஷுக்கென்றே செய்த வண்ணமானால் பத்துச் சொட்டுக்கு ஒன்றிரண்டு சொட்டு ரெடியூசர் போதும். சிலவற்றுக்கு அதுவும் வேண்டா. தூரிகைக்கென்று செய்த புட்டி அக்ரிலிக்கிற்குச் சம அளவில் தொடங்குக. குழாய் அக்ரிலிக்கானால் ஒரு பங்கு வண்ணம், ஒரு பங்கு மீடியம், பிறகு பதம் வரும்வரை சிறிது சிறிதாக ரெடியூசர். கலந்தபின் நைலான் வலைத்துணியில் வடிகட்டுக. இவை தொடக்க அளவுகளே. முடிவு செய்வது பதம்.

பதம் காண்பது எப்படி? பெயின்ட் தொழிற்சாலைகளில் அடியில் துளையுள்ள ஃபோர்டு கோப்பையில் ஊற்றி, எத்தனை நொடியில் வடிகிறது என்று பார்ப்பர். நமக்கு அத்தனை பெயின்ட் இராது. நம் வீட்டு அளவுகோல் பால். நீர் கலந்த பாலின் பதம் வேண்டும். கெட்டி மோர் ஆகாது. அரிசி கழுவிய நீராகவும் ஆகாது. சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் கலவையை எடுத்து, குச்சியால் அதன் உட்சுவரில் மேலே தடவி விடுக. மெல்ல வழிந்து, பின்னே நிறமுள்ள மெல்லிய திரை நிற்குமானால் பதம் சரி. வழியாமல் நின்றால் கெட்டி. உடனே ஓடி, சுவர் வெறுமையாகத் தெரிந்தால் மிகவும் நீர்த்தது.

காற்றழுத்தத்தையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு என்பது தொடங்க ஏற்ற அளவு. கலவை நீர்க்க நீர்க்க அழுத்தத்தைக் குறைக்கலாம். குறைத்தால் மெல்லிய கோடு வரும். கெட்டிப் பெயின்டை அழுத்தத்தைக் கூட்டித் தள்ள முயன்றால் துளிகள் வழியிலேயே காய்ந்து, படம் உப்புத்தாள்போல் சொரசொரக்கும். அழுத்தம் மிகுந்து கலவையும் நீர்த்திருந்தால், தாளில் விழுந்த துளி சிலந்திக் கால்களாக ஓடும். ஆகவே கோளாறு கண்டால் ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றிப் பார்த்து, பிறகு மற்றதை மாற்றுக. ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் முறை இங்கும் பயன் தருகிறது.

மைசூரின் வானிலை

பாலியுரித்தேன் ரெடியூசர்களை விரைவு, நடுத்தரம், மெது என வெப்பநிலைக்கு ஏற்ப வகுத்து விற்பர். வெயிற்காலத்துக்கு மெதுவானது, குளிர்காலத்துக்கு விரைவானது. நீர்வகைக்கும் இதே நியாயம் பொருந்தும். மார்ச்சு, ஏப்ரல் மாதப் பிற்பகலில் நம் ஊர்க் காற்று வறண்டிருக்கும். நாம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 760 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம் என்பதையும் நினைக்க. அப்போது ஊசிமுனை விரைவில் காயும். ரெடியூசரை ஒரு சொட்டுக் கூட்டி, காலை வேளையில் தெளிப்பது நன்று. ஜூன் முதல் அக்டோபர் வரை ஈரக்காற்று. அப்போது நீர் எளிதில் போகாது. மெல்லிய பூச்சாக இட்டு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்ததை இடுக. கம்பிரசர் ஈரக்காற்றை அழுத்தும்போது குழாயில் நீர் திரளும். அது படத்தின்மேல் துப்பாதபடி நீர்ப்பிடிப்பான் ஒன்று இடையே பொருத்துக.

மழைக்காலத்தில் என்.சி. லாக்கர் தெளித்த வண்டி சிலபோது பால்பூத்தாற்போல் வெளுத்துவிடும். தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பைக் குளிரச் செய்கிறது. காற்றிலுள்ள ஈரம் அங்கே பனியாகப் படிகிறது. அந்நீரால் பிணைப்பான் திரிகிறது. பட்டறைகளில் மெதுவாக ஆவியாகும் 'ரிட்டார்டர்' சேர்ப்பது இதைத் தவிர்க்கவே.

எந்த நிறங்களை வாங்குவது?

இருபது புட்டிகள் கொண்ட பெட்டியைப் பார்த்ததும் ஆசை எழும். முதல் மூன்று மாதத்துக்குக் கறுப்பு, வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்னும் ஐந்தே போதும். முதலிற் பழக ஏற்றது ஒளி ஊடுருவும் கறுப்பு. அது படிப்படியாக இருள்வதால் கைக்கு அடக்கம் வருகிறது. வெள்ளை மிகவும் தொல்லை தருவது. வெள்ளை நிறமியான டைட்டேனியம் டையாக்சைடு கனமானது. அதன் அடர்த்தி நீரைப்போல் நான்கு மடங்குக்கு மேல். ஆதலால் புட்டியடியிலும் கருவியின் கிண்ணத்தடியிலும் விரைந்து படியும். நன்றாக மறைக்க வேண்டுமானால் நிறமியும் மிகுதியாக வேண்டும். எனவே துளையும் அடைபடும். அடிக்கடி குலுக்குக, வெள்ளைக்கு 0.4 மி.மீ. துளையே ஏற்றது. முத்துப்போல் மின்னும் வண்ணங்களில் அப்பிரகச் சில்லுகள் உள்ளன. சில்லுகள் பெரியவையாதலால் அவற்றுக்கும் பெரிய துளை வேண்டும். காட்மியம் என்றோ ஈயக் குரோமேட் என்றோ எழுதிய நிறங்களைத் தூரிகையால் தீட்டலாம், தெளிக்கலாகாது. பூசும்போது தாளில் தங்கும் நஞ்சு, தெளிக்கும்போது மூச்சில் ஏறும்.

மூச்சைப் பற்றி

நிற்க. இக்கட்டுரையை எழுதுவதற்குரிய தலையாய காரணத்துக்கு இப்போது வருகிறேன். நண்பர்கள் சிலர், "பட்டறையில் பி.யு. பெயின்ட் மலிவாகக் கிடைக்கிறது, என்.சி. தின்னர் அதைவிட மலிவு, விடுதி அறையிலேயே தெளித்துவிடலாம்" என்கின்றனர். அவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. விடுதி அறை 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் எனக் கொள்வோம். 36 கன மீட்டர். ஒருவர் 50 மில்லிலிட்டர் தின்னரைத் தெளிக்கிறார். அதில் பாதி டொலுயீன் எனக் கொள்வோம். 25 மில்லிலிட்டர் டொலுயீனின் எடை ஏறத்தாழ 22 கிராம். கதவும் சன்னலும் மூடியிருந்தால், கன மீட்டருக்கு 600 மில்லிகிராம். தொழிற்கூடங்களில் எட்டு மணி நேரச் சராசரியாக அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் மாநாடு பரிந்துரைக்கும் வரம்பு பத்து லட்சத்தில் 20 பங்கு. அதாவது ஏறக்குறைய 75 மில்லிகிராம். எட்டு மடங்கு! அதே அறையில் இன்னும் இரண்டு பேர் படுத்துறங்குகின்றனர் என்பதையும் மறவாதீர்கள். தீயும் உண்டு. டொலுயீனின் ஆவி 4 பாகை செல்சியசிலேயே தீப்பற்றக்கூடியது. கம்பிரசரின் சுவிட்சில் எழும் பொறி அதற்குப் போதும்.

பி.யு. ஹார்டனரோ இதனினும் கொடியது. அதிலுள்ள ஐசோசயனேட்டு, மூச்சுக்குழலை மெல்ல மெல்ல ஒவ்வாமைக்குப் பழக்கிவிடுகிறது. பழகியபின் மிகச் சிறு அளவே ஈளை நோயைக் கிளப்பும். என் தந்தையார் தருமபுரியிலிருந்து பிழைப்புத் தேடி இவ்வூருக்கு வந்து, இருபதாண்டுக்கு மேல் வண்டிகளுக்கு வண்ணம் தெளித்தார். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வதே அக்காலத்துப் பாதுகாப்பு. இன்று அவர் மாடிப்படி ஏறுவதற்கு இடையில் இருமுறை நிற்கிறார். மருத்துவர் தெளிப்பு வேலையை விட்டுவிடச் சொல்லி நான்காண்டாகிறது. அவர் தெளித்த வண்டிகள் இன்னும் பளபளவென்று ஹெப்பாள் சாலையில் ஓடுகின்றன. சாப்பாட்டுக்காக அவர் செய்த வேலையை, பொழுதுபோக்குக்காக மூடிய அறையில் நாம் செய்யலாமா?

முகமூடியைப் பற்றியும் தெளிவு வேண்டும். என்-95 முகமூடி, துளிகளையும் பொடியையும் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்கு வேண்டுவது, தூண்டப்பட்ட கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி. ஐசோசயனேட்டுக்குத் தொழில்முறைத் தெளிப்பறையும், வெளியிலிருந்து குழாய்வழி நற்காற்று தரும் அமைப்பும் வேண்டும். அது மாணவர் அறைக்கு ஆகாத காரியம். நீர்வகை அக்ரிலிக்கானாலும் முகமூடியின்றித் தெளிக்கலாகாது. நீர் தீங்கற்றதாயினும் நிறமியும் பிசினும் நுரையீரலுக்கு உணவல்ல.

முடிவாக

தொடங்குவோர் செய்ய வேண்டுவதைச் சுருக்கிக் கூறுகிறேன். 0.3 அல்லது 0.4 மி.மீ. துளையுள்ள கருவி, ஏர்பிரஷுக்கென்றே செய்த நீர்வகை அக்ரிலிக்கில் ஐந்து நிறம், அதே நிறுவனத்தின் ரெடியூசர் ஒரு புட்டி, டிஸ்டில்டு வாட்டர், என்-95 முகமூடி, திறந்த சன்னலும் வெளியே காற்றைத் தள்ளும் விசிறியும். முதல் வாரம் பழைய செய்தித்தாளில் புள்ளியும் கோடும் மட்டும். ஒவ்வொரு நாளும் எத்தனை சொட்டுக்கு எத்தனை சொட்டு, என்ன அழுத்தம், வெயிலா மழையா என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வருக. ஒரு மாதத்தில் உங்கள் கருவிக்கும் உங்கள் ஊருக்கும் உரிய அளவு, உங்கள் கையெழுத்திலேயே உங்களிடம் இருக்கும்.

திரைச்சீலைக்கு இந்த அக்ரிலிக்கே முற்றிலும் போதும். தலைக்கவசத்தில் எழுத விரும்பும் நண்பரும் படத்தை அக்ரிலிக்கில் எழுதி நன்கு காயவைத்து, மேற்பூச்சை மட்டும் முறையான தெளிப்பறையுள்ள பட்டறையில் கூலி கொடுத்து இடுவித்துக்கொள்ளலாம். தலைக்கவசத்தின் ஓட்டைச் சில கரைப்பான்கள் பலவீனமாக்கும் என்பதால், செய்த நிறுவனம் பெயின்டை அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது கடமை. வரும் சனிக்கிழமை மாலை, மன்ற அறையை ஒட்டிய திறந்த தாழ்வாரத்தில் பதம் பார்க்கும் முறையைச் செய்து காட்டுகிறேன். கருவி உள்ளவர்கள் கருவியோடும், இல்லாதவர்கள் முகமூடியோடும் வருக.